கல்லூரியில் எழுதும் முதற் கட்டுரை

(இவ்வாண்டு கல்லூரி புகுந்த மாணவர்களை வாழ்த்துதற்பொருட்டு நமது சங்க மாணவர் விடுதியிற் கூடிய கூட்டத்தில், தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு.)

   

 கல்வியின் பெருமையைப் பற்றிப் பொதுவாகச் சில சொற்கள் கூறுமாறு நம் செயலாளர் பணித்தார். கல்வியின் பெருமையை இங்குள்ளோர் எவரும் மறுப்பாரல்லர். மறுத்திருப்பின் கடன்பட்டேனும் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பியிரார். ஆதலின், அப்பெரும்பொருளை விடுத்து, அதனுள் அடங்கிய சிறுபொருள் ஒன்றனையே இன்று எடுத்துக்கொள்கின்றேன். அது, கல்லூரியில் மாணவன் எழுதும் முதற் கட்டுரை என்பது.

'இஃது ஒரு பொருளா?' எனச் சிலர் எண்ணக்கூடும். ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் கல்லூரி புகுந்த முதற் பருவத்திலேயே படிப்பை நிறுத்திவிட்டு, சிப்காட் வாயிலில் ஒப்பந்தக் கூலிக்கு நிற்கும் பிள்ளைகள் சிலரை நான் அறிவேன். பணமின்மை, பேருந்து வசதியின்மை, வீட்டிற் பிணி என அவர்கள் கூறும் காரணங்கள் பல. அவற்றிற் பலவும் மெய்யே. ஆயினும் நெருங்கி வினவும்பொழுது, 'ஐயா, எழுதிக்கொண்டு வரச் சொல்கிறார்கள். எனக்கு எழுத வரவில்லை' என்னும் சொல்லும் இடையே தலைகாட்டுகின்றது. பன்னிரண்டு ஆண்டு பள்ளியில் எழுதித் தேர்ந்த பிள்ளை, 'எழுத வரவில்லை' என்பது எங்ஙனம்? இதனை நாம் ஆராய்தல் வேண்டும்.

பள்ளியில் நாங்கள் கற்பிக்கும் கட்டுரை எத்தகையது என்பதை நீவிர் அறிவீர். தலைப்பை ஆசிரியரே தருவர். முன்னுரை, உட்தலைப்புகள் நான்கைந்து, முடிவுரை என்னும் சட்டமும் வினாத்தாளிலேயே அமைந்திருக்கும். அச்சட்டத்தினுள் இன்னது இன்னவாறு நிரப்புக என உரைநூல் கூறும். மாணவன் மனப்பாடஞ் செய்து வழுவின்றி எழுதின் மதிப்பெண் கிடைக்கும். நானும் இவ்வாறே கற்பித்து வருகின்றேன். ஒரே நாளில் பல்லாயிரம் விடைத்தாள்களைத் திருத்தவேண்டிய பொதுத்தேர்வுக்கு இம்முறை ஏற்றதாகலாம். இதனால் எழுத்துத் திருத்தமும் சொல்வளமும் ஓரளவு கைவருதலும் உண்டு. ஆனால் இம்முறையில் ஒருமுறையேனும் கேட்கப்படாத வினா ஒன்று உளது. அது, 'இதுபற்றி நீ என்ன நினைக்கிறாய்? ஏன் அவ்வாறு நினைக்கிறாய்?' என்பது.

கல்லூரியின் முதற் கட்டுரையோ இவ்வினாவிலேயே தொடங்குகின்றது. அங்கே ஆசிரியர் தலைப்பை மட்டும் கூறிச் சென்றுவிடுவர், உட்தலைப்புத் தருவதில்லை. பிள்ளையின் முன்னே வெற்றுத்தாள் கிடக்கின்றது. அதுவரை பிறர் கூறியதைத் திருப்பிக் கூறிப் பழகிய நாவுக்குத் தன் சொல்லைக் கூறுமாறு கட்டளை வருகின்றது. மலைப்பு நேர்வது இயல்பே. அம்மலைப்பை அறிவின்மை எனப் பிள்ளையும் கருதலாகாது, பெற்றோரும் கருதலாகாது.

நிற்க. கட்டுரை என்னும் சொல் நமக்குப் புதியதன்று. சிலப்பதிகாரத்து மதுரைக் காண்டத்திலே 'கட்டுரை காதை' என ஒரு பகுதி உண்டு. மதுரையின் தெய்வம் கண்ணகியின் பின்னே வந்து நின்று, அவளுக்கு நேர்ந்த துன்பத்தின் காரணத்தை எடுத்துரைக்கும் பகுதி அது. நேர்ந்ததைக் கூறுவதோடு அமையாது, அது நேர்ந்த காரணத்தையும் கூறுதலே அங்கே கட்டுரையின் வேலையாக அமைந்தது. மேனாட்டிலே மொந்தேன் என்னும் பிரெஞ்சு நாட்டு அறிஞர் 1580-ஆம் ஆண்டு தம் உரைநடைத் தொகுதியை வெளியிட்டபோது, அதற்கு 'முயற்சிகள்' எனப் பொருள்படும் பெயரை இட்டார். அப்பெயரே ஆங்கிலத்தில் 'எஸ்ஸே' என வழங்கலாயிற்று. முடிந்த முடிபை முழக்குவது என்னும் பொருள் அப்பெயரில் இல்லை. எடைபோட்டுப் பார்த்தல், முயன்று பார்த்தல் என்பனவே அதன் கருத்து. ஆதலின் முதற் கட்டுரை எழுதும் மாணவன் தான் யாவும் அறிந்தவன்போல் எழுதவேண்டுவதில்லை. முயன்று பார்ப்பவனாக எழுதினாற் போதும்.

அஃதேல் எவ்வாறு முயல்வது? இதற்கு நாம் பிறநாட்டு நூலைத் தேடிச் செல்ல வேண்டா. பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல் ஒன்றே போதும். பள்ளியில் எழுத்தும் சொல்லும் படித்த அளவில் அந்நூலை மூடிவிடுகின்றோம். அதன் பாயிரத்திலேயே நூல் எழுதுவோன் மேற்கொள்ளத்தக்க எழுவகை மதங்கள் கூறப்பட்டுள்ளன. மதம் என்பது ஈண்டுச் சமயத்தைக் குறிப்பதன்று; ஒரு பொருள்பற்றி ஒருவன் கொள்ளும் நிலையையே குறிப்பது. பிறர் கூறியதற்கு உடன்படலாம், அதனை மறுக்கலாம், முதலில் ஏற்றுக்கொண்டு பின் களையலாம், தானே ஒன்றை நாட்டி அதனை நிலைநிறுத்தலாம், இருவர் மாறுபட்டுக் கூறியவற்றுள் ஒன்றைத் துணியலாம், பிறர் நூலிற் குற்றங் காட்டலாம், பிறர் கருத்தொடு கலவாது தன் கருத்தையே கொள்ளலாம். இவ்வளவே அப்பகுதியின் சுருக்கம். இன்று எந்தச் சர்வகலாசாலையில் எந்தப் பேராசிரியர் கட்டுரைக்கு இலக்கணம் வகுப்பினும் இவ்வேழனுள் அடங்காததொன்றைக் கூறுதல் அரிது.

இந்நூலைப் பற்றி எல்லைப்புறத்து மக்களாகிய நாம் மகிழத்தக்க செய்தியொன்றும் உண்டு. நன்னூலைச் செய்வித்தவன் சீயகங்கன் என்னும் சிற்றரசன். அவன் மூன்றாங் குலோத்துங்க சோழன் (1178–1218) காலத்தவன், கங்கர் குலத்தவன். குவளாலபுரம் எனப்பட்ட கோலாரைத் தன் குலத்தின் பழம்பதியாகக் கொண்டவன். கோலார் நம் ஓசூருக்கு வடகிழக்கே, இன்று கருநாடகத்தில் உள்ள ஊர். தமிழுலகம் எண்ணூறு ஆண்டாகக் கைக்கொண்டு வரும் இலக்கணம், கன்னடமும் தெலுங்கும் தமிழும் கலந்து ஒலிக்கும் நம் பக்கத்தொடு தொடர்புடைய ஓர் அரசன் கேட்டுக்கொண்டதனால் எழுந்தது. 'எல்லையில் இருப்போர்க்குத் தமிழ் செவ்வையாய் வராது' என எவரேனும் கூறின், இச்செய்தியைப் பணிவுடன் எடுத்துக் காட்டுங்கள்.

இனி, எழுவகை மதத்தை இக்காலத்துப் பிள்ளை ஆளும் விதத்தைக் காண்போம். 'நீர்வளம்' என்று ஒரு தலைப்புக் கொடுக்கப்பட்டதாகக் கொள்வோம். பள்ளிப் பழக்கத்தில் எழுதும் மாணவன், நீர் உயிர்க்கு இன்றியமையாதது, ஆறுகளைக் காத்தல் நம் கடமை என எழுதி முடிப்பான். அதில் பிழையில்லை, எவரும் மறுப்பதற்கும் ஒன்றுமில்லை. எவரும் மறுக்கமுடியாததை மட்டும் கூறுவதில் எழுதியவன் தெரிவதில்லை.

அம்மாணவன் ஓசூரையடுத்த கெலவரப்பள்ளி அணையைப் பார்த்திருக்கிறான் அன்றோ? மழைக்காலத்தில் மதகுகளைத் திறக்குங்கால் தென்பெண்ணையில் வெண்ணுரை குவிந்து எழுவதையும், நாற்றம் வீசுவதையும், கரையோரத்து உழவர் வருந்துவதையும் கண்டிருக்கிறான் அன்றோ? அதனின்று அவன் தொடங்கலாம். ஆலைக் கழிவே காரணம் என்பார் ஒருவர். நகரத்துச் சாக்கடையே காரணம் என்பார் மற்றொருவர். இது நன்னூலார் கூறிய இருவர் மாறுகோள். இவற்றுள் ஒன்றைத் துணிய வேண்டின், ஆறு வரும் வழியை அறிதல் வேண்டும். தென்பெண்ணை நந்தி மலைப்பகுதியில் தோன்றிப் பெங்களூரின் புறநகர்களைத் தொட்டு வருவது. அந்நகரத்துப் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் மிகுநீரும் இவ்வாற்றையே சேர்கின்றது. அவ்வேரிகளிலும் நுரை எழுந்தது நாடறிந்த செய்தி. சலவைத்தூள் முதலியவற்றிலுள்ள நுரைதரும் பொருள், தூய்மை செய்யப்படாத சாக்கடை நீரோடு கலந்து வந்து, நீர் மேலிருந்து விழுந்து காற்றோடு மோதுமிடத்தில் நுரையாகின்றது. இதனை அறிந்தபின், 'ஆலையின் பங்கு இல்லையென்று கூறேன். ஆயினும் நுரைக்குப் பெருங்காரணம் வீட்டுச் சாக்கடையே' என மாணவன் துணியலாம். வேறு சான்று கிடைப்பின் வேறு துணியலாம். அவ்விடத்தில் அவனுக்கென்று ஒரு மதம் பிறந்துவிட்டது. அதன்பின் கட்டுரை தானே நடக்கும்.

நன்னூலார் எழுத்தின் குற்றங்கள் பத்தும் கூறினார். அவற்றுள் முதற் கட்டுரைக்கு வந்து சேர்வன மூன்று. தாளை நிரப்பும்பொருட்டு முன் சொன்னதையே மீளச் சொல்லுதல் 'கூறியது கூறல்'. தலைப்பைப் பற்றி அறியாதபோது அறிந்த வேறொன்றைப் பரப்புதல் 'மற்றொன்று விரித்தல்'. முரசு முழங்கத் தொடங்கி, வரவரச் சுருங்கி, ஈற்றில் ஒன்றுமில்லாது ஓய்தல் 'சென்று தேய்ந்திறுதல்'. எழுதி முடித்த கட்டுரையை ஒருநாள் ஆறவிட்டு, மறுநாள் இம்மூன்றையும் தேடிப் படித்துப் பாருங்கள். அகப்படும் வரிகளை அடித்துவிடுங்கள். தாள் குறையும், கட்டுரை வளரும்.

என் அனுபவம் ஒன்றை ஈண்டுக் கூறுதற்கு அவையோர் இசைவீர்களாக. நான் கல்லூரி புகுந்த ஆண்டில் 'எங்கள் ஊர்ச் சந்தை' என்னும் தலைப்புத் தரப்பட்டது. எந்தை தக்காளி பயிரிட்டு இராயக்கோட்டைச் சந்தைக்கு ஏற்றி வருபவர். ஆதலின் கூடைகளையும், மண்டிகளையும், விடியுமுன் எழும் கூச்சலையும் கண்டவாறே இரண்டு பக்கம் எழுதினேன். பேராசிரியர் அதனைத் திருத்தித் தரும்போது ஓரத்தில் ஒரே வினாவை எழுதியிருந்தார்: 'விலை கூறுபவர் யார்? விற்பவரா, வாங்குபவரா?' எத்தனையோ முறை சந்தைக்குச் சென்றிருந்தும் அவ்வினா என் உள்ளத்தில் அதற்குமுன் எழுந்ததில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குச் சென்று, 'அப்பா, நம்ம தக்காளிக்கு விலை யார் வைக்கிறார்கள்?' என்று கேட்டேன். எந்தை சிறிது நேரம் எண்ணி, 'வண்டியிலே இருக்கிற வரைக்கும் நாம வைக்கிறதுதாண்டா விலை. இறக்கிட்டா மண்டிக்காரர் வைக்கிறது' என்றார். அழுகும் பொருளைத் திரும்ப ஏற்றிச் செல்ல இயலாது; இறக்கியபின் விற்றே தீரவேண்டும் என்னும் உண்மை அச்சொல்லில் அடங்கியிருந்தது. அதனைக் கொண்டு மேலும் இரண்டு பக்கம் எழுதினேன். எந்தை மூன்றாம் வகுப்புக்குமேற் படித்தவரல்லர். அவருடைய சொல் ஒரு கல்லூரிக் கட்டுரையின் நடுவே தூண்போல் நின்றது. அதை அவருக்குப் படித்துக் காட்டினேன். 'இதையெல்லாமா படிப்புங்கிறாங்க?' என வியந்தார். 'ஆம்' என்றேன்.

இதனை நான் கூறுவது, பெற்றோர்க்கும் இவ்விடயத்திற் பங்கு உண்டு என்பதை அறிவித்தற்பொருட்டே. 'நாங்கள் படியாதவர், பிள்ளைக்கு என்ன உதவ முடியும்?' எனத் தாய்மார் பலர் என்னிடம் வருந்துவர். அம்மையீர்! உங்கள் கையில் நூலில் இல்லாத அறிவு உளது. மாமரத்தில் இவ்வாண்டு பூ ஏன் உதிர்ந்தது, கூழாக்கும் ஆலைகளுக்குச் செல்லும் மாங்காயின் விலை ஏன் வீழ்ந்தது, ரோசாப் பூவை ஏன் இரவிலேயே குளிரறையில் வைக்கின்றனர், உங்கள் வீட்டிலிருந்து முதன்முதல் ஆலை வேலைக்குச் சென்றவர் எவர், அதன்பின் நிலம் என்னாயிற்று என்பனவெல்லாம் நீங்கள் அறிந்தவை. பிள்ளை வந்து கேட்கும்போது, 'உனக்கு எதற்கு இது? போய்ப் படி' எனத் துரத்திவிடாதீர்கள். கேட்பதே அவன் படிப்பு.

மொழியைப் பற்றியும் ஒரு சொல் கூறவேண்டும். நம்முட் பலர் இல்லத்தில் தெலுங்கோ கன்னடமோ பேசுகின்றனர்; பள்ளியில் தமிழ் படிக்கின்றனர்; கல்லூரியில் ஆங்கிலத்தில் எழுதுமாறு பணிக்கப்படுகின்றனர். மூன்று மொழிக்கிடையே நின்று மூன்றிலும் நாணுகின்றனர். அந்நாணம் வேண்டா. எந்த மொழியில் எண்ணம் தடையின்றி வருகின்றதோ அந்த மொழியில் முதலில் எழுதிக்கொள்ளுங்கள். பின்னர் வேண்டிய மொழியில் மீண்டும் எழுதுங்கள். ஓசூரையடுத்த தொரப்பள்ளியில் 1878-ஆம் ஆண்டு பிறந்த இராஜாஜி, ஓசூரிலும் பெங்களூரிலும் படித்து, பெங்களூர் மத்தியக் கல்லூரியில் பட்டம் பெற்றுச் சென்னையில் சட்டம் பயின்றவர். சேலத்தில் வழக்கறிஞராக இருந்தபோதே, 1916-ஆம் ஆண்டில், அறிவியற் சொற்களைத் தமிழில் ஆக்குதற்கென நண்பரோடு ஒரு சங்கம் அமைத்தார். இரசாயன நூலைத் திண்ணையில் அமர்ந்து கேட்போரும் உணரும் தமிழில் எழுதினார். 1958-ஆம் ஆண்டு அவருடைய 'சக்கரவர்த்தித் திருமகன்' சாகித்திய அகாதெமியின் தமிழ்ப் பரிசைப் பெற்றது. அவருடைய அரசியலில் உடன்படுவாரும் மாறுபடுவாரும் நம்மிடையே இருக்கலாம். பல மொழி வழங்கும் இம்மண்ணிலிருந்து தெளிவான தமிழ் உரைநடை எழும் என்பதற்கு அவர் சான்று. இவ்வளவே நான் கூறவந்தது.

இங்கே ஒரு பெரியவர், 'கட்டுரை சோறு போடுமா? கைத்தொழில் கற்றவனுக்கன்றோ ஆலையில் இடம்?' எனக் கேட்கலாம். கேட்கத்தக்க வினாவே. நம் ஓசூர் ஆலைகளில் வண்டியும் கைக்கடிகாரமும் உருவாகின்றன. அத்தகைய ஆலையில் ஓர் உறுப்புப் பழுதாயின், அதைத் தூக்கி எறிந்துவிட்டு அடுத்ததை எடுப்பதோடு வேலை முடிவதில்லை. பழுது ஏன் நேர்ந்தது? அதற்குக் காரணமானது ஏன் நேர்ந்தது? இவ்வாறு ஐந்து முறை 'ஏன்' எனக் கேட்டு மூலகாரணத்தைக் காணும் முறையை ஜப்பானியரின் டொயோட்டா நிறுவனத்தார் வழக்கிற் கொணர்ந்தனர். இன்று உலகெங்கும் தொழிற்சாலைகள் அதனைக் கைக்கொள்கின்றன. அக்காரணத்தைக் கண்டு, பிறர் ஏற்குமாறு ஒரு பக்கத்தில் எழுதித் தருபவனே மேற்பார்வையாளனாக உயர்கின்றான். எழுத இயலாதவன், எவ்வளவு கைத்திறன் உடையவனாயினும், பிறர் எழுதிய அறிக்கையின் கீழ்க் கையொப்பமிட்டு நிற்கின்றான். ஆகவே கட்டுரை சோறும் போடும். போட்ட சோற்றை மதிப்போடு உண்ணவும் செய்யும்.

இனிக் கூறுவது இக்காலத்துக்கே உரிய தடையொன்று. 2022-ஆம் ஆண்டு நவம்பரில் சாட்ஜிபிடி என்னும் கணினிப்பொறி வெளிவந்தது. அதன்பின் அத்தகையன பல தோன்றியுள்ளன. தலைப்பைக் கூறிய மாத்திரத்தில் முன்னுரை முதல் முடிவுரை வரை அவை எழுதித் தருகின்றன. நம் விடுதியிலும் இது வழங்குகின்றது என்பதை யான் அறிவேன், எவரையும் கடிந்துகொள்ளவில்லை. அப்பொறியைக் கொண்டு பயன்பெறும் வழிகளும் உண்டு. பொருள் விளங்காத பகுதியை விளக்கக் கேட்கலாம். தாம் எழுதியதன் பிழையைக் காட்டக் கேட்கலாம். ஆனால் முதற் கட்டுரையை அதனிடம் ஒப்படைத்தல், நீந்தப் பழகும் நாளில் கூலிக்கு ஆள் அமர்த்தி அவனை நீந்தச் சொல்லிக் கரையில் நிற்பதை ஒக்கும்.

இதற்கும் நன்னூலாரே சான்று. ஆசிரியர் கூறியதை நன்கு கேட்ட மாணவனுக்கும் காற்பங்குப் புலமையே வாய்க்கும் என்றும், உடன்பயில்வாரோடு பழகுதலால் மற்றொரு காற்பங்கு வரும் என்றும், தான் பிறர்க்குச் செவ்வையாக விரித்துரைத்தலாலேயே எஞ்சிய பாதியும் நிறையும் என்றும் அவர் கருத்து. விரித்துரைத்தலின் எழுத்து வடிவமே கட்டுரை. அதனைப் பொறியிடமோ பிறரிடமோ விடுபவன், கல்வியிற் பாதியை விட்டுவிடுகின்றான். கல்லூரிக் கட்டணம் முழுமையும் செலுத்திப் பாதிக் கல்வியைப் பெற்று வீடு திரும்புதல் நம்மனோர்க்குக் கட்டுபடியாகுமா?

மாணவச் செல்வங்களே! முன்னோர் சிலரை எண்ணிப் பாருங்கள். சென்னைச் சர்வகலாசாலை 1857-ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. அதன் முதற் பட்டதாரிகள் இருவரும் யாழ்ப்பாணத்தினின்று வந்த தமிழர். அவருள் ஒருவராகிய சி. வை. தாமோதரம் பிள்ளை, பிற்காலத்தில் வீரசோழியம், கலித்தொகை முதலிய பழநூல்களை ஏட்டிலிருந்து அச்சேற்றினார். அப்பதிப்புகளுக்கு அவர் எழுதிய முன்னுரைகளில், ஏடுகள் அழிவதை எடுத்துக்காட்டித் தமிழர் நெஞ்சை உருக்கினார். கல்லூரியில் காரணங் காட்டி எழுதக் கற்ற கை, பின்னாளில் ஒரு மொழியின் செல்வத்தைக் காத்தது. உங்கள் கை எதனைக் காக்கும் என்பதை இன்று எவரும் கூறமுடியாது. கெலவரப்பள்ளி நீரைக் காக்கலாம். சந்தையில் நிற்கும் உழவனின் விலையைக் காக்கலாம்.

அரசாங்கமும் இப்பொழுது பிள்ளைகளுக்குத் துணைநிற்கின்றது. அரசுப் பள்ளியிற் பயின்று உயர்கல்வி புகும் பெண்மக்களுக்குத் திங்கள்தோறும் 1,000 ரூபாய் அளிக்கும் புதுமைப்பெண் திட்டம் 2022-ஆம் ஆண்டிலும், ஆண்மக்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-ஆம் ஆண்டிலும் தொடங்கப்பெற்றன. பணம் பேருந்துக்கும் நூலுக்கும் உதவும். வெற்றுத்தாளின் முன் அமர்ந்திருக்கும் பிள்ளையின் அருகே அமர்தற்கோ ஆள் வேண்டும். அந்த ஆளாக நம் சங்கம் இருத்தல் வேண்டும்.

ஆதலின் மூன்று வேண்டுகோள்களை இவ்வவையின்முன் வைக்கின்றேன். முதலாவது, திங்களுக்கு ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை மாலையில், முதலாண்டு மாணவர் தாம் எழுதியதை இவ்விடுதியில் உரக்கப் படிக்க, மூத்த மாணவர் கேட்டு வினவ வேண்டும். வினவுவார் 'ஏன்?' என்ற ஒரு சொல்லை மட்டும் கேட்டாலும் போதும். எள்ளி நகையாடுதல் கூடாது. இரண்டாவது, நம் திங்களிதழில் ஒவ்வொரு முறையும் இரண்டு பக்கங்களை முதலாண்டு மாணவர் கட்டுரைக்கென ஒதுக்க வேண்டும். பெரியோர் எழுதும் பக்கங்களைச் சிறிது சுருக்கினால் இடம் கிடைக்கும். என் பக்கத்தையே முதலிற் சுருக்குக. மூன்றாவது, ஆலையிலும் வயலிலும் அலுவலகத்திலும் பணிசெய்யும் நம் பெரியோர், பிள்ளைகள் குறிப்பேட்டோடு வரும்போது அரைநாழிகை அமர்ந்து விடையளிக்க வேண்டும்.

பெண்மக்களின் கட்டுரையை முதலிதழிலேயே வெளியிடுமாறு ஆசிரியர் குழுவினரை வேண்டுகின்றேன். வீட்டில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு ஒன்றும் சொல்லாதிருக்குமாறு பழக்கப்பட்டவர் அவர். அவர் கூறுதற்கு மிகுதியாக வைத்திருப்பர்.

மாணவச் செல்வங்களே! உங்கள் முதற் கட்டுரை சிறந்ததாக இருக்கவேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. உங்களுடையதாக இருத்தல் வேண்டும் என்றே கேட்கின்றோம். இம்மாத இறுதிக்குள் அதனை எழுதி, விடுதிக் காப்பாளரிடம் தாருங்கள். நான் வந்து படிப்பேன். ஓரத்தில் ஒரு வினாவும் எழுதுவேன்.